சொந்த ஊரில் இறுதிப் பரீட்சை எழுத முடியாத மாணவன்: ஹெர்ஷ் லோட்டர்பாக்ட்டின் வாழ்க்கை

ஜெனீவாவில் மனித உரிமைகள் பேரவையின் கூட்டத்தொடர் தொடங்கும் போதெல்லாம் எமது ஊடகங்களில் சில சொற்றொடர்கள் திரும்பத் திரும்ப வரும். போர்க்குற்றங்கள், மனிதகுலத்துக்கு எதிரான குற்றங்கள், இனப்படுகொலை. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் வீதியோரக் கொட்டகைகளில் ஏந்தியிருக்கும் பதாகைகளிலும் இவற்றைப் பார்த்திருக்கிறோம்.

இவற்றுள் இரண்டாவது சொற்றொடர், ஒரு நாட்டின் தலைவர்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தக்கூடிய சட்டமாக முதன்முதலில் எழுதப்பட்டது 1945 ஆம் ஆண்டில். அதை அங்கே இடம்பெறச் செய்தவர்களில் முக்கியமானவர் ஹெர்ஷ் லோட்டர்பாக்ட் என்ற யூதச் சட்ட அறிஞர். சர்வதேசச் சட்டம் படிக்கும் மாணவர் எவரும் அவருடைய பெயரைத் தாண்டிச் செல்ல முடியாது. ஆனால் அவரே ஒரு காலத்தில் சொந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் இறுதிப் பரீட்சை எழுத முடியாமல், ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் பட்டம் தேடிப் போன மாணவர்தான்.

பெயர் மாறிக்கொண்டே இருந்த நகரம்

லோட்டர்பாக்ட் பிறந்தது 1897 ஓகஸ்ட் 16 ஆம் திகதி. ஊர் சோவ்க்வா. இன்று மேற்கு உக்ரேனில் இருக்கும் இந்தச் சிறு நகரம் அன்று ஒஸ்ட்ரிய-ஹங்கேரியப் பேரரசின் கலீசியா மாகாணத்தில் இருந்தது. தந்தை ஆரோன் மரத்தொழில் செய்தவர். தாய் டெபோரா. டேவிட் என்ற சகோதரனும் சபீனா என்ற சகோதரியும் இருந்தார்கள். பிள்ளைகளின் படிப்பை முன்னிட்டுக் குடும்பம் பக்கத்திலிருந்த பெரிய நகரமான லெம்பேர்க்குக்கு இடம்பெயர்ந்தது.

லெம்பேர்க் என்பது ஜேர்மன் மொழிப் பெயர். போலந்துக்காரர் அதை ல்வூவ் என்றார்கள். உக்ரேனியர் ல்விவ் என்றார்கள். இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் அந்த நகரத்தின் ஆட்சி பல தடவை கைமாறியது. மக்கள் வீட்டை விட்டு நகராமலே வேறு வேறு நாட்டுப் பிரசைகள் ஆனார்கள்.

1915 இல் லோட்டர்பாக்ட் லெம்பேர்க் பல்கலைக்கழகத்தில் சட்டபீட மாணவராகச் சேர்ந்தார். முதலாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. அவரை ஒஸ்ட்ரிய இராணுவம் கட்டாய சேவைக்கு எடுத்தது. படிப்பும் இராணுவக் கடமையுமாக ஆண்டுகள் கழிந்தன.

1918 நவம்பரில் பேரரசு உடைந்தபோது நகரத்துக்காகப் போலந்துக்காரரும் உக்ரேனியரும் வீதிகளில் மோதினார்கள். யூதர்கள் இரு பக்கமும் சேராமல் நின்றார்கள். போலந்துப் படைகள் நகரத்தைக் கைப்பற்றியதும் யூதர்களின் வீடுகளும் கடைகளும் சூறையாடப்பட்டன. தீ வைக்கப்பட்டது. பலர் கொல்லப்பட்டார்கள். கும்பல்கள் தெருத்தெருவாக இறங்கும்போது அரச படை என்ன செய்துகொண்டிருக்கும் என்பதை 1983 ஜூலையைப் பார்த்த எமது மக்களுக்கு விளக்கத் தேவையில்லை. 21 வயதான லோட்டர்பாக்ட் தன் மக்கள் வாழும் தெருக்களில் தடுப்புகள் அமைத்துக் காவல் நின்ற இளைஞர்களில் ஒருவராக இருந்தார்.

அதற்குப் பின்னர் பல்கலைக்கழகத்தில் யூத மாணவர்களுக்குக் கதவு சாத்தப்பட்டது. நான்கு வருடம் படித்தவருக்கு இறுதிப் பரீட்சை எழுத இடம் கிடைக்கவில்லை. 1919 இல் அவர் வியன்னாவுக்குப் புறப்பட்டார். பெற்றோரும் சகோதரர்களும் ஊரிலேயே தங்கினார்கள்.

அதே ஆண்டு ஜூன் மாதம், போலந்து தன் சிறுபான்மையினரின் உரிமைகளைப் பாதுகாக்கும் என்று உறுதியளிக்கும் ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்திட்டது. வெற்றி பெற்ற வல்லரசுகள் முன்னின்று செய்வித்த ஒப்பந்தம். மொழி, சமயம், கல்வி எல்லாவற்றுக்கும் அதில் உத்தரவாதம் இருந்தது. 1934 இல் அந்த ஒப்பந்தக் கடமைகளுக்கு இனிக் கட்டுப்படப் போவதில்லை என்று போலந்து அறிவித்தது. அதைத் தடுக்க எவராலும் முடியவில்லை. சிறுபான்மை ஒப்பந்தங்கள் எழுதப்பட்டும் கிழிக்கப்பட்டும் போவதைப் பார்த்த தலைமுறையைச் சேர்ந்தவர் லோட்டர்பாக்ட். குழுக்களுக்குக் கொடுக்கப்படும் உத்தரவாதங்கள் மீது அவருக்குப் பிற்காலத்தில் பெரிய நம்பிக்கை இல்லாமல் போனதற்கு இந்த அனுபவமும் காரணமாக இருந்திருக்கலாம்.

வியன்னாவில் ஓர் அகதி மாணவன்

போருக்குப் பிந்திய வியன்னாவில் உணவுத் தட்டுப்பாடு நிலவியது. கலீசியாவிலிருந்து வந்து குவிந்த யூத அகதிகளை நகரம் வெறுப்போடு பார்த்தது. பல்கலைக்கழகத்துக்குள்ளும் ஜேர்மன் தேசியவாத மாணவர்கள் யூத மாணவர்களைத் தாக்கும் சம்பவங்கள் நடந்தன.

ஆனால் அங்கே ஹான்ஸ் கெல்சன் என்ற ஆசிரியர் இருந்தார். 1920 ஆம் ஆண்டின் ஒஸ்ட்ரிய அரசியலமைப்பை எழுதியதில் முதன்மைப் பங்கு வகித்தவர். அரசியலமைப்புக்கு முரணான சட்டங்களை இரத்துச் செய்யும் அதிகாரம் கொண்ட நீதிமன்றம் ஒன்றை அந்த அரசியலமைப்பு உருவாக்கியது. நாடாளுமன்றத்தின் பெரும்பான்மை செய்வதையும் ஒரு நீதிமன்றம் மறுக்கலாம் என்ற எண்ணத்தை லோட்டர்பாக்ட் கெல்சனின் வகுப்புகளில் கண்டார்.

1921 இல் சட்டத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டு அரசியல் விஞ்ஞானத்தில் இரண்டாவது கலாநிதிப் பட்டம். சர்வதேச சங்கத்தின் ஆணைப் பிரதேசங்கள் பற்றிய ஆய்வு அது. இத்தனை திறமையுள்ள மாணவருக்குச் சட்டப் பரீட்சையில் வெறும் சித்தி மட்டுமே கிடைத்தது. கிழக்கிலிருந்து வந்த யூதர் என்பதுதான் காரணமாக இருக்கக்கூடும் என்று கெல்சன் பல வருடங்களுக்குப் பிறகு நினைவுகூர்ந்தார்.

வியன்னாவில்தான் ரேச்சல் ஸ்டைன்பேர்க்கைச் சந்தித்தார். பாலஸ்தீனத்திலிருந்து பியானோ படிக்க வந்திருந்த மாணவி. 1923 மார்ச்சில் பேர்லினில் திருமணம் நடந்தது. ரேச்சலின் இசைப் படிப்பும் ஹெர்ஷின் சட்டப் படிப்பும் இருவரையும் லண்டனுக்கு இட்டுச் சென்றன.

கிறிம்ஸ்பி துறைமுகம், 1923 ஏப்ரல் 5

இங்கிலாந்தின் கிழக்குக் கரையிலுள்ள மீன்பிடித் துறைமுகம் கிறிம்ஸ்பி. இளம் தம்பதியர் அங்கேதான் கப்பலிலிருந்து இறங்கினார்கள். ஒருவரிடம் இரண்டு கலாநிதிப் பட்டங்கள் இருந்தன. ஆனால் இங்கிலாந்தின் சட்ட உலகத்தில் அவை வேலைக்கு வழி திறக்கவில்லை. மறுபடியும் மாணவராகச் சேர வேண்டியிருந்தது. வெளிநாடு போய், ஊரில் பெற்ற பட்டத்தைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு முதலாம் படியிலிருந்து ஏறிய எத்தனையோ பேர் எமது குடும்பங்களிலும் இருக்கிறார்கள்.

லோட்டர்பாக்ட் லண்டன் பொருளியல் கல்லூரியில் சேர்ந்தார். அவருடைய மேற்பார்வையாளர் ஆர்னல்ட் மக்நெயர். முதல் சந்திப்பில் மாணவன் பேசிய ஆங்கிலம் ஆசிரியருக்கு விளங்கவில்லை. லோட்டர்பாக்ட் ஆங்கிலத்தை வாசிக்கத் தெரிந்தவர், பேசிப் பழகாதவர். இரண்டு வாரம் கழித்து மீண்டும் வந்தபோது சரளமாகப் பேசியதைக் கேட்டு மக்நெயர் திகைத்துப்போனார். இடையில் நடந்தது இதுதான்: பாடம் எதுவாக இருந்தாலும் பரவாயில்லை என்று ஒருநாளில் எட்டு விரிவுரைகள் வரை போய் உட்கார்ந்து சொற்களைக் காதால் பிடித்திருந்தார். ஊர் உச்சரிப்பு மட்டும் கடைசி வரை அவரை விட்டுப் போகவில்லை.

மக்நெயர் நல்லதொரு ஆசிரியராக வாய்த்தார். பிற்காலத்தில் நண்பராகவும் சக ஆசிரியராகவும் ஆனார். வெளிநாட்டில் சட்டம் படிக்கப் போகும் மாணவனின் விதியைப் பல்கலைக்கழகத்தின் பெயரைவிட மேற்பார்வையாளர்தான் அதிகம் தீர்மானிக்கிறார் என்று அனுபவப்பட்டவர்கள் சொல்வார்கள். லோட்டர்பாக்ட்டின் விடயத்தில் அது சரியாகவே இருந்தது.

வீட்டில் அவர் பழைய கட்டுப்பாடுகளில் ஊறிய மனிதர். அக்கால நாகரிகப்படி ரேச்சல் தலைமுடியைக் குட்டையாக வெட்டிக்கொள்ள விரும்பியபோது கடுமையாக எதிர்த்தார். தனிமனித உரிமைகளுக்காக வாழ்நாள் முழுவதும் எழுதியவர், மனைவியின் கூந்தல் விடயத்தில் அந்த உரிமையைக் கொடுக்கத் தயாராக இருக்கவில்லை.

அரசு சட்டத்துக்கு மேலானதா?

1925 இல் லண்டனில் சமர்ப்பித்த ஆய்வேடு 1927 இல் புத்தகமாக வந்தது. தலைப்பு வறண்டது: சர்வதேசச் சட்டத்தில் தனியார் சட்டத்தின் மூலங்களும் ஒப்புமைகளும். ஆனால் அதன் உட்கேள்வி எமக்கும் மிக நெருக்கமானது.

ஒருவர் இன்னொருவரின் காணியைப் பிடித்துக்கொண்டால் நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம். ஒப்பந்தத்தை மீறினால் நட்டஈடு கேட்கலாம். அரசுகளுக்கிடையிலும் இதே விதிகள் பொருந்துமா? அக்காலத்துப் பெரும்பாலான அறிஞர்கள் பொருந்தாது என்றார்கள். அரசு என்பது தனிமனிதனைப் போன்றதல்ல, இறைமை கொண்டது, தான் சம்மதித்தால் மட்டுமே கட்டுப்படும் என்பது அவர்களின் வாதம். லோட்டர்பாக்ட் நூற்றுக்கணக்கான நடுவர் தீர்ப்புகளையும் ஒப்பந்தங்களையும் ஆராய்ந்து, சாதாரண மனிதர்களுக்கிடையிலான சட்டத்தின் கோட்பாடுகளை நீதிபதிகள் அரசுகளுக்கும் பிரயோகித்தே வந்திருக்கிறார்கள் என்று காட்டினார்.

1933 இல் வெளிவந்த அடுத்த பெரிய நூலில் இன்னும் ஒரு படி சென்றார். அரசியல் பிரச்சினை என்ற காரணத்தைச் சொல்லி எந்தத் தகராறையும் நீதிமன்றத்துக்கு வெளியே வைத்திருக்க முடியாது என்பது அந்த நூலின் வாதம். அதே ஆண்டுதான் ஹிட்லர் ஜேர்மனியில் ஆட்சிக்கு வந்தார்.

இந்த இடைப்பட்ட ஆண்டுகளில் லோட்டர்பாக்ட் தான் படித்த கல்லூரியிலேயே விரிவுரையாளர் ஆனார். மக்நெயருடன் சேர்ந்து உலகெங்குமுள்ள சர்வதேசச் சட்டத் தீர்ப்புகளைத் திரட்டித் தொகுதிகளாக வெளியிடத் தொடங்கினார். அந்த வெளியீடு இன்றும் தொடர்கிறது. 1928 இல் மகன் எலிஹு பிறந்தார். 1931 இல் பிரித்தானியக் குடியுரிமை கிடைத்தது. 1938 இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் சர்வதேசச் சட்டப் பேராசிரியர் பதவி. கிறிம்ஸ்பியில் இறங்கி 15 வருடங்களுக்குள் இந்த இடத்துக்கு வந்திருந்தார்.

பெற்றோர் இங்கிலாந்துக்கு வந்து பேரப்பிள்ளையைப் பார்த்துச் சென்றார்கள். அங்கேயே தங்க அவர்களுக்கு மனமில்லை. ஊரில் வீடு இருந்தது, மற்றப் பிள்ளைகள் இருந்தார்கள், பழகிய வாழ்க்கை இருந்தது. வெளிநாட்டிலிருக்கும் பிள்ளை அழைத்தும் ஊரை விட்டு வர மறுத்த பெற்றோரை எமக்கும் தெரியும்.

கடிதங்கள் நின்றுபோன காலம்

1939 செப்டெம்பரில் போர் மூண்டது. ஹிட்லரும் ஸ்டாலினும் போலந்தைப் பங்கு போட்டுக்கொண்டபோது ல்வூவ் சோவியத் பக்கம் போனது. 1941 தொடக்கத்தில் தந்தையிடமிருந்து கடிதம் வந்தது. எல்லோரும் உயிரோடு இருந்தார்கள். அந்த ஆண்டு ஜூன் இறுதியில் ஜேர்மன் படைகள் ல்வூவுக்குள் நுழைந்தன. அதன்பின் செய்தி இல்லை.

போர்க்காலத்தில் லோட்டர்பாக்ட் அமெரிக்காவில் பல இடங்களில் விரிவுரையாற்றினார். அமெரிக்கச் சட்டமா அதிபராக இருந்த ரொபேர்ட் ஜக்சனுடன் அப்போது பழக்கம் ஏற்பட்டது. நடுநிலை நாடு என்று சொல்லிக்கொண்டிருந்த அமெரிக்கா பிரித்தானியாவுக்கு உதவுவதில் சட்டத்தடை இல்லை என்பதற்கான வாதங்களை அவர் ஜக்சனுக்கு எழுதிக் கொடுத்தார். அந்தத் தொடர்பு நான்கு வருடங்களின் பின் வேறு விதத்தில் பயன்படப்போகிறது என்பது அப்போது இருவருக்கும் தெரியாது.

கேம்பிரிட்ஜுக்குத் திரும்பிய பின்னர் ஒரு புத்தகம் எழுதத் தொடங்கினார். மனிதனின் உரிமைகளுக்கான சர்வதேச சாசனம் ஒன்று எப்படி இருக்க வேண்டும் என்பதே பொருள். அன்றைய சர்வதேசச் சட்டப்படி ஓர் அரசு இன்னோர் அரசின் குடிமக்களைக் கொன்றால் அது கேள்விக்குரியது. தன் சொந்தக் குடிமக்களைக் கொன்றால் அது உள்நாட்டு விவகாரம். இந்த இடத்தில்தான் லோட்டர்பாக்ட் கைவைத்தார். உரிமைகள் அரசு போடும் பிச்சை அல்ல, ஒவ்வொரு மனிதனும் சர்வதேசச் சட்டத்தின் பாதுகாப்புக்கு நேரடியாக உரியவன், அந்தப் பாதுகாப்பைச் செயற்படுத்த உலக அமைப்பு ஒன்று வேண்டும் என்று எழுதினார். புத்தகம் 1945 இல் வெளிவந்தது.

அவர் அதை எழுதிக்கொண்டிருந்த மாதங்களில் ல்வூவில் என்ன நடந்தது என்பது அவருக்குத் தெரியாது. 1942 ஓகஸ்டில் ஜேர்மனியர் அந்த நகரத்தின் யூதர்களைப் பல்லாயிரக்கணக்கில் பிடித்து பெல்செக் கொலை முகாமுக்கு அனுப்பினார்கள். தந்தை ஆரோன், தாய் டெபோரா, சகோதரன் டேவிட், சகோதரி சபீனா, சபீனாவின் கணவர் எல்லோரும் அழிக்கப்பட்டார்கள். சபீனாவின் மகளுக்கு அப்போது 12 வயது. தாயைக் கொண்டுபோவதை ஜன்னலிலிருந்து பார்த்த அந்தச் சிறுமி, பின்னர் கத்தோலிக்கக் கன்னியர் மடம் ஒன்றில் மறைந்திருந்து உயிர் தப்பினார்.

தோட்டத்தில் ஒரு பேச்சு

1945 மே மாதம் ஜேர்மனி சரணடைந்தது. நாசித் தலைவர்களை விசாரிப்பதற்கான சாசனத்தை வரைய நான்கு வல்லரசுகளின் பிரதிநிதிகள் லண்டனில் கூடினார்கள். அமெரிக்கப் பிரதிநிதி ரொபேர்ட் ஜக்சன். எந்தக் குற்றங்களுக்காக விசாரிப்பது, அவற்றுக்கு என்ன பெயர் வைப்பது என்பதில் இணக்கம் இல்லாமல் பேச்சு இழுபட்டது. ஜூலை இறுதியில் ஜக்சன் கேம்பிரிட்ஜுக்குக் காரில் போனார். கிரான்மர் வீதியில் லோட்டர்பாக்ட்டின் வீட்டுத் தோட்டத்தில் இருவரும் பேசினார்கள். குற்றங்களுக்குத் தலைப்புகள் கொடுத்தால் பொதுமக்களுக்கும் விளங்கும் என்று லோட்டர்பாக்ட் யோசனை சொன்னார். பொதுமக்கள் மீதான அட்டூழியங்களுக்கு அவர் முன்வைத்த தலைப்புத்தான் மனிதகுலத்துக்கு எதிரான குற்றங்கள்.

இந்தச் சொற்றொடரை அவர் புதிதாக உருவாக்கவில்லை. 1915 இல் ஆர்மேனியர் கொல்லப்பட்டபோது பிரித்தானியாவும் பிரான்சும் ரஷ்யாவும் விடுத்த கண்டன அறிக்கையிலேயே அது இருந்தது. ஆனால் அது வெறும் கண்டனமாகவே நின்றது, எவரும் அதன் பேரில் தண்டிக்கப்படவில்லை. 1945 ஓகஸ்ட் 8 இல் கையெழுத்தான நியூரம்பேர்க் சாசனத்தின் 6 ஆம் உறுப்புரையில் அது குற்றமாக வந்தது. குற்றம் நடந்த நாட்டின் சட்டம் அதை அனுமதித்திருந்தாலும் பொறுப்பு நீங்காது என்றும் சேர்த்து எழுதப்பட்டது.

அதில் ஒரு குறையும் இருந்தது. இரண்டு மாதங்களின் பின், ஒக்டோபர் 6 ஆம் திகதி, அந்த உறுப்புரையிலிருந்த ஓர் அரைப்புள்ளி நீக்கப்பட்டுக் காற்புள்ளி போடப்பட்டது. மொழிபெயர்ப்புகளை ஒத்திசைய வைப்பதற்கான திருத்தம் என்று சொல்லப்பட்டது. விளைவு பெரியது. போருடன் தொடர்புபட்ட குற்றங்களை மட்டுமே விசாரிக்க முடியும் என்றாகிவிட்டது. 1933 முதல் 1939 வரை, போருக்கு முன்னர், ஜேர்மன் அரசு தன் யூதக் குடிமக்களுக்குச் செய்தவை பெரும்பாலும் நீதிமன்றத்தின் கைக்கு வெளியே போயின. போர் இல்லாத காலத்திலும் இது குற்றமே என்று 1998 இல் உரோம் சாசனம் எழுதும்வரை இந்தத் தொடர்பு குறித்த விவாதம் நீண்டது. உரோம் சாசனத்தில் இலங்கை இன்றுவரை இணையவில்லை.

கூண்டிலிருந்த மனிதன்

1945 நவம்பர் 20 ஆம் திகதி நியூரம்பேர்க்கில் விசாரணை தொடங்கியபோது லோட்டர்பாக்ட் பிரித்தானிய வழக்குத் தொடுநர் குழுவின் மேசையில் இருந்தார். எதிரே கூண்டில் இருந்தவர்களில் ஒருவர் ஹான்ஸ் ஃபிராங்க். அவரும் ஒரு சட்டத்தரணிதான். ஹிட்லருக்காக நீதிமன்றங்களில் வாதாடி உயர்ந்தவர். போலந்தின் ஆளுநராக இருந்தபோது 1941 ஓகஸ்ட் முதல் ல்வூவும் அவருடைய ஆட்சிக்குள் வந்தது.

தன் குடும்பம் இருக்கிறதா இல்லையா என்பது கூடத் தெரியாத நிலையில்தான் லோட்டர்பாக்ட் அந்த மண்டபத்தில் உட்கார்ந்திருந்தார். எல்லோரும் போய்விட்டார்கள், சகோதரியின் மகள் மட்டும் மிஞ்சியிருக்கிறாள் என்ற செய்தி பின்னரே வந்து சேர்ந்தது. அந்தப் பெண் பிறகு இங்கிலாந்துக்கு வந்தார்.

பிரித்தானியாவின் தலைமை வழக்குத் தொடுநர் ஹார்ட்லி ஷோகிரொஸ் ஆற்றிய தொடக்க உரையினதும் முடிவுரையினதும் சட்ட வாதங்களைப் பெருமளவில் எழுதிக் கொடுத்தவர் லோட்டர்பாக்ட். குற்றங்களைச் செய்வது அரசு என்ற கண்ணுக்குத் தெரியாத பொருள் அல்ல, மனிதர்களே, ஆகவே மனிதர்களே பொறுப்பு என்பது அவற்றின் சாரம். மேலிடத்து உத்தரவு என்று சொல்லித் தப்ப முடியாது. நாட்டின் தலைவர் என்று சொல்லியும் தப்ப முடியாது.

அந்த வரைவுகளில் தன் பெற்றோரைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் எழுதவில்லை. வீட்டிலும் அதிகம் பேசியதில்லை. இது மன உறுதியா, பேச முடியாத வலியா என்று வெளியிலிருந்து சொல்ல எமக்கு உரிமை இல்லை. முள்ளிவாய்க்காலைக் கடந்து வந்த வீடுகளிலும் இத்தகைய மௌனம் இருக்கிறது.

1946 ஒக்டோபர் 1 ஆம் திகதி தீர்ப்பு வந்தது. ஃபிராங்க் போர்க்குற்றங்களுக்கும் மனிதகுலத்துக்கு எதிரான குற்றங்களுக்கும் குற்றவாளியாகக் காணப்பட்டு அதே மாதம் தூக்கிலிடப்பட்டார்.

ஒரே சட்டபீடம், இரண்டு சொற்கள்

லெம்பேர்க் சட்டபீடத்தில் சில ஆண்டுகள் பின்னால் படித்த இன்னொரு யூத மாணவர் ரஃபேல் லெம்கின். இனப்படுகொலை என்பதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை உருவாக்கி 1944 இல் வெளிவந்த நூலில் பயன்படுத்தியவர் அவர்தான். அவரும் போரிலிருந்து தப்பி அமெரிக்கா போனவர். அவருடைய பெற்றோரும் அழிக்கப்பட்டார்கள். ஒரே ஊரில், ஒரே ஆசிரியரிடம் குற்றவியல் சட்டம் படித்த இருவரும் ஒரே கொடுமைக்கு வேறு வேறு பெயர்களைத் தேடினார்கள்.

மனிதர்கள் தனி ஆட்களாகக் கொல்லப்படவில்லை, ஓர் இனத்தைச் சேர்ந்தவர்கள் என்பதற்காகவே கொல்லப்பட்டார்கள், ஆகவே சட்டம் அந்த நோக்கத்தைப் பெயர் சொல்லித் தண்டிக்க வேண்டும் என்றார் லெம்கின். லோட்டர்பாக்ட்டுக்கு இதில் ஐயம் இருந்தது. சட்டம் குழுக்களை முன்வைத்தால் ஒரு குழுவுக்கு எதிராக இன்னொரு குழு என்ற மனநிலையே வலுப்படும் என்று அஞ்சினார். இனத்தை அழிக்கும் நோக்கத்தை நிரூபிப்பது மிகக் கடினம் என்ற நடைமுறைச் சிக்கலும் இருந்தது. நியூரம்பேர்க் தீர்ப்பில் லெம்கினின் சொல் இடம்பெறவில்லை. ஆனால் 1948 டிசம்பர் 9 இல் ஐக்கிய நாடுகள் சபை இனப்படுகொலை பற்றிய சமவாயத்தை ஏற்றுக்கொண்டது. மறுநாள் மனித உரிமைகளுக்கான உலகப் பிரகடனம் வந்தது. இரண்டு மாணவர்களின் இரண்டு வழிகளும் அடுத்தடுத்த நாட்களில் உலகத்தின் ஏட்டில் ஏறின.

இந்த விவாதம் எமக்குப் புதிதல்ல. 2011 இல் ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழுவும் 2015 இல் மனித உரிமைகள் உயர்ஸ்தானிகர் அலுவலகத்தின் விசாரணை அறிக்கையும் பயன்படுத்தியது லோட்டர்பாக்ட்டின் மொழியை. 2015 பெப்ரவரியில் வடக்கு மாகாண சபை நிறைவேற்றிய தீர்மானம் கேட்டது லெம்கினின் சொல்லை. லோட்டர்பாக்ட் சொன்னதே சரி என்று இங்கு தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஒரு பிள்ளை கொல்லப்பட்டது குற்றம் என்பதோடு, அது தமிழ்ப் பிள்ளை என்பதற்காகக் கொல்லப்பட்டது என்பதையும் சட்டம் கேட்க வேண்டும் என்று எமது மக்கள் நினைப்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் நோக்கத்தை நிரூபிக்கும் சுமையை அறியாமல் சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டிருப்பதால் வழக்கு வலுப்பெறாது. எந்தச் சொல்லுக்கு எந்தச் சான்று தேவை என்பதைத் தெரிந்த சட்டத்தரணிகள் எமக்கு வேண்டும்.

நீதிபதி

உலகப் பிரகடனத்தை லோட்டர்பாக்ட் கொண்டாடவில்லை. அரசுகளைக் கட்டுப்படுத்தும் சட்ட வலு அதற்கு இல்லை, தனிமனிதன் முறையிட வழி இல்லை என்று கடுமையாக விமர்சித்தார். தான் 1945 இல் கேட்டதற்கு அது மிகக் குறைவு என்பது அவருடைய ஏமாற்றம். 1950 இல் உருவான ஐரோப்பிய மனித உரிமைகள் சமவாயம் அவருடைய எண்ணத்துக்கு இன்னும் நெருக்கமாக வந்தது. பின்னாளில் ஸ்ராஸ்பேர்க்கில் அமைந்த நீதிமன்றத்தில் ஒரு தனிமனிதன் ஓர் அரசுக்கு எதிராக வழக்காட முடிந்தது. 2008 ஜூலையில், பிரித்தானியா திருப்பி அனுப்ப முயன்ற இலங்கைத் தமிழர் ஒருவரை அனுப்பினால் சித்திரவதைக்கு எதிரான பாதுகாப்பு மீறப்படும் என்று அந்த நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சோவ்க்வாவில் பிறந்த ஒருவரின் எழுத்துக்கும் எமது அகதி ஒருவரின் உயிருக்கும் இடையில் இப்படியொரு நூல் ஓடுகிறது.

1955 இல் ஹேக்கிலுள்ள சர்வதேச நீதிமன்றத்தின் நீதிபதியாக லோட்டர்பாக்ட் பதவியேற்றார். அவருடைய பெயர் பரிந்துரைக்கப்பட்டபோது பிரித்தானிய அரசாங்கத்துக்குள் எதிர்ப்பு இருந்தது. பிறப்பாலும் வளர்ப்பாலும் முழுமையான பிரித்தானியர் அல்ல என்பது குறை. வந்து 30 வருடங்களுக்கு மேலாகியும், நாட்டுக்காக நியூரம்பேர்க்கில் உழைத்தும், அந்தக் கேள்வி அவரைத் துரத்தியது. 1956 இல் அரசியிடமிருந்து சேர் பட்டம் கிடைத்தது. 1960 மே 8 ஆம் திகதி, இன்னும் நீதிபதியாக இருக்கும்போதே, 62 வயதில் லண்டனில் காலமானார். மகன் எலிஹுவும் சர்வதேசச் சட்ட அறிஞரானார். கேம்பிரிட்ஜில் அவர் தொடங்கிய ஆய்வு நிலையம் இன்று லோட்டர்பாக்ட் நிலையம் என்று அழைக்கப்படுகிறது. உலகெங்குமிருந்து மாணவர்கள் அங்கே வருகிறார்கள்.

இன்று பெட்டி கட்டுபவர்களுக்கு

யாழ்ப்பாணத்திலிருந்தும் கிளிநொச்சியிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் சட்ட முதுமாணிப் படிப்புக்கு வெளிநாடு போகும் இளையவர்கள் இன்று இருக்கிறார்கள். புலமைப்பரிசில் கிடைத்துப் போகிறவர்களும், வீட்டு நகையை அடகு வைத்துப் போகிறவர்களும் உண்டு. வகுப்பில் முதல் வாரங்களில் வாய் திறக்கத் தயங்குவார்கள். சர்வதேச மனிதாபிமானச் சட்டம் பற்றிய விரிவுரையில் தங்கள் சொந்த ஊர் ஓர் உதாரணமாக, ஓர் அடிக்குறிப்பாக வந்து போவதைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். எதைச் சொல்வது, எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நெஞ்சு அடைக்கும்.

லோட்டர்பாக்ட்டின் வாழ்க்கை அவர்களுக்கு இலகுவான ஆறுதல் எதையும் தருவதில்லை. அவர் எழுதிய சட்டம் அவருடைய தாயையும் தந்தையையும் காப்பாற்றவில்லை. அது வந்தபோது அவர்கள் இல்லை. அதற்குப் பின்னரும் அதே குற்றங்கள் உலகில் பல இடங்களில், எமது மண்ணில் உட்பட, நடந்தன. பெரும்பாலானவற்றுக்கு எவரும் கூண்டில் ஏறவில்லை.

ஆனால் 1945 க்கு முன்னர், தன் மக்களைக் கொன்ற ஓர் அரசிடம் கணக்குக் கேட்பதற்குச் சட்டத்தில் ஒரு வரிகூட இருக்கவில்லை. இப்போது இருக்கிறது. வீதியோரக் கொட்டகையிலிருக்கும் ஒரு தாய் தன் மகனுக்கு நடந்ததை எந்தப் பெயரால் சொல்வது என்று தேடவேண்டியதில்லை. அந்தப் பெயரை வைத்து வழக்கை எழுதும் வேலை மிச்சமிருக்கிறது. அதற்குப் படித்தவர்கள் வேண்டும், சான்றுகளைச் சேர்த்து வைத்திருப்பவர்கள் வேண்டும், பல வருடங்கள் காத்திருக்கும் பொறுமையும் வேண்டும். லெம்பேர்க்கில் பரீட்சை மறுக்கப்பட்ட நாளிலிருந்து நியூரம்பேர்க் மேசை வரை லோட்டர்பாக்ட்டுக்கு 26 வருடங்கள் எடுத்தன.